கிங்ஸ்டன் வீடுகளில் ஒரு மணி நேரம்: விளையாட்டுவழி மழலைக் கல்வித் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வயதுக்குரிய உயரத்தை எட்டாத 129 குழந்தைகள், ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 1986, 1987 ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வுக்காகத் தெரிவு செய்யப்பட்டார்கள். அனைவரும் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களுள் பாதிப் பேருடைய வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு பெண் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் இருந்து, குழந்தையோடும் தாயோடும் விளையாடிவிட்டுப் போனார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த வருகை நின்றது. அதே குழந்தைகளை அவர்களது முப்பத்தொன்றாம் வயதில் தேடிக் கண்டுபிடித்துக் கணக்கெடுத்தபோது, வருகை பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களுடையதைவிட 37 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

முன்பருவக் கல்விக்கு நிதி கேட்கும் அறிக்கைகளில் இந்த ஜமைக்கா எண் தவறாமல் இடம்பெறுகிறது. எண்ணைச் சொல்பவர்கள் பலர். அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்பவர்கள் குறைவு. வீட்டிலேயே சிறு குழந்தைக்கு விளையாட்டின் வழியாகக் கற்பிக்கும் திட்டம் ஒன்றை உருவாக்க முனைபவருக்குத் தேவைப்படுவது பின்னதுதான். ஆகவே இந்த ஆய்வு, முடிவுகளைச் சுருக்கமாகவும் அமைப்பை விரிவாகவும் எடுத்துக்கொள்கிறது. குழந்தைக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பதைவிட, இந்தத் திட்டத்தில் மாணவர் யார் என்று அதை அமைத்தவர்கள் செய்துகொண்ட முடிவே அதன் பலம் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

மருத்துவமனையில் எழுந்த கேள்வி

திட்டத்தின் வேர் கல்வித் துறையில் இல்லை. கிங்ஸ்டனில் மோனா என்னும் பகுதியில் உள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில், கடும் ஊட்டக்குறைவால் உயிருக்குப் போராடும் குழந்தைகளைச் சேர்த்துச் சிகிச்சை அளித்த ஆய்வுப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கு வந்த குழந்தைகள் சில வாரங்களில் உடல் தேறினார்கள், எடை கூடியது, வீக்கம் வடிந்தது. ஆனால் பேச்சிலும் கைத்திறனிலும் சிந்தனையிலும் அவர்கள் தம் வயதையொத்த பிற குழந்தைகளைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். சாலி கிரந்தம்-மெக்ரகர் என்னும் பிரித்தானிய மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த இடைவெளியைக் கண்டு, 1970களில் ஒரு முயற்சியில் இறங்கினார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே குழந்தையோடு தினமும் விளையாடுவது, வீடு திரும்பிய பின்னும் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குச் சென்று அந்த விளையாட்டைத் தொடர்வது என்பதே அந்த முயற்சி. உணவும் மருந்தும் மட்டும் பெற்ற குழந்தைகளைவிட இவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின் வெளியான தொடராய்விலும் அந்த முன்னேற்றம் அழியாமல் இருந்தது.

அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. மருத்துவமனைக்கு வரும் அளவுக்கு நலிந்த குழந்தைகள் சிலரே. குள்ளமாகவும் மெலிவாகவும் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகளோ ஏராளம். அவர்களை எங்கே சந்திப்பது? ஜமைக்காவில் சமூகத்தினரே நடத்தும் மழலைப் பள்ளிகள் நீண்ட காலமாக உண்டு. 'பேசிக் ஸ்கூல்' என்று அவற்றுக்குப் பெயர். ஆனால் அவை மூன்று வயதை ஒட்டித்தான் குழந்தையை ஏற்கும். அதற்கு முந்தைய வயதில் குழந்தை இருக்கும் இடம் வீடு ஒன்றுதான். அந்த வீட்டுக்குப் போகக்கூடியவர்கள் என்று பார்த்தால், அரசு மருத்துவ நிலையங்களைச் சார்ந்து இயங்கிய சமூக நல உதவியாளர்கள் என்னும் பெண் பணியாளர்கள் இருந்தார்கள். நம் ஊர் அங்கன்வாடி ஊழியரையோ கிராம சுகாதாரத் தன்னார்வலரையோ ஒத்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அல்லர். பள்ளிக் கல்வியை முழுவதும் முடித்தவர்கள்கூட அவர்களில் எல்லோரும் அல்லர். திட்டத்தை அவர்களைக் கொண்டே நடத்துவது என்ற முடிவு செலவைக் குறைப்பதற்காக எடுக்கப்பட்டது போலத் தோன்றும். அதன் வேறொரு பயனைப் பின்னர் பார்ப்போம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

திட்டத்தை வடிவமைத்தபோது எழுந்த மிகச் சாதாரணமான, ஆனால் முடிவை முற்றாகத் தீர்மானித்த கேள்வி, எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போவது என்பது. இதை அனுமானத்துக்கு விடாமல் அவர்கள் சோதித்தே பார்த்தார்கள். மாதம் ஒருமுறை, இரு வாரங்களுக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை என்ற வெவ்வேறு இடைவெளிகளில் வீட்டு வருகைகளை நடத்தி ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 1989இல் வெளிவந்தது. வருகை அடிக்கடி நிகழ நிகழ, குழந்தையின் வளர்ச்சியில் தெரிந்த நன்மையும் கூடிக்கொண்டே போயிற்று. மாதம் ஒருமுறை வந்துபோனதால் பயன் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை என்பதுதான் தெளிவான பலனைத் தந்தது.

ஏன் என்பதற்கு எழுதுபவர் தரும் விளக்கம் இது. ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு மாதத்தில் வேறொரு குழந்தையாகிவிடுகிறது. சென்ற மாதம் டப்பாவுக்குள் கட்டையைப் போடத் தெரியாதிருந்த குழந்தை இந்த மாதம் அதில் சலித்துப்போய்விட்டிருக்கும். மாதம் ஒருமுறை வருபவர், குழந்தை நேற்று நின்ற படியைத்தான் பார்க்கிறார். தாயின் பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான்: ஏழு நாளில் மீண்டும் ஒருவர் வந்து 'எப்படிப் போயிற்று?' என்று கேட்பார் என்றால், அன்றன்று சிறிது நேரமாவது குழந்தையோடு உட்கார வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் நிற்கும். முப்பது நாள் என்றால் அது முதல் வாரத்திலேயே மறந்துபோகும்.

அந்த ஒரு மணி நேரம்

ஒரு வருகையின் ஒழுங்கு ஏறக்குறைய இவ்வாறு அமைந்தது. வந்தவர் முதலில் வீட்டாரை நலம் விசாரிப்பார். சென்ற வாரம் விட்டுச்சென்ற பொம்மைகளைக் கொண்டு என்ன விளையாடினார்கள், குழந்தை எதை விரும்பிற்று, எதைத் தூக்கி எறிந்தது என்று கேட்பார். ஒரு பாட்டோடு விளையாட்டு தொடங்கும். பிறகு புதிய பொம்மை ஒன்று வெளியே வரும். அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதை அவர் ஒருமுறை செய்து காட்டிவிட்டு, குழந்தை தானாகத் தொட்டுப் பார்க்க இடம் கொடுத்து, உடனே பொம்மையைத் தாயின் கையில் கொடுத்துவிடுவார். மீதி விளையாட்டைத் தாயும் குழந்தையும் விளையாட வேண்டும். வந்தவர் அருகிலிருந்து பார்த்து, நன்றாகச் செய்ததைச் சொல்லிப் பாராட்டுவார். பாராட்டு குழந்தைக்கு மட்டும் உரியதன்று, தாய்க்கும் உண்டு. அதன் பின் படப் புத்தகம் அல்லது பேச்சை வளர்க்கும் விளையாட்டு ஒன்று. இறுதியில், இந்த வாரம் எதைச் செய்ய வேண்டும் என்பதைத் தாயே தன் வாயால் ஒருமுறை சொல்ல, பொம்மைகளை அங்கேயே விட்டுவிட்டு, சென்ற வாரத்துப் பொம்மைகளை எடுத்துக்கொண்டு அவர் புறப்படுவார்.

இந்த வரிசையில் ஒரே ஓர் இடத்தை மாற்றிப் பார்த்தால் திட்டம் வேறொன்றாகிவிடும். பொம்மையைத் தாயின் கையில் கொடுக்காமல் வந்தவரே அந்த ஒரு மணி நேரமும் குழந்தையோடு விளையாடிவிட்டுப் போயிருந்தால், அது வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் டியூஷன். குழந்தை மகிழ்ந்திருக்கும், தாய் அந்த நேரத்தில் துணி துவைத்திருப்பார். வாரத்தில் மீதியுள்ள 167 மணி நேரத்தில் எதுவும் மாறியிருக்காது. குழந்தைக்குக் கற்பிக்கும் திறமையுள்ள ஒருவருக்கு மிகக் கடினமான வேலை, தான் ஒதுங்கி நின்று, தன்னைவிடத் தயக்கத்தோடும் தடுமாற்றத்தோடும் இன்னொருவர் அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது. இத்திட்டத்தில் பயிற்சியின் பெரும்பகுதி இந்த ஒதுங்கலுக்குத்தான் செலவாகியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முன்னர்ச் சொன்ன அந்த வேறொரு பயனும் இங்கேதான் தெரிகிறது. வந்தவர் அதே பேச்சைப் பேசும், ஏறக்குறைய அதே அளவு படித்த, தானும் பிள்ளை வளர்த்திருக்கக்கூடிய ஒரு பெண். அவரால் செய்ய முடிந்ததைத் தன்னாலும் செய்ய முடியும் என்று தாய் நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது. வெள்ளை அங்கி அணிந்த மருத்துவரோ கல்லூரியில் குழந்தை உளவியல் படித்தவரோ வந்து கட்டைகளை அடுக்கிக் காட்டியிருந்தால், 'அவர்கள் படித்தவர்கள்' என்ற ஒரு சொல்லில் அந்தப் பாடம் முடிந்துபோயிருக்கும்.

குளியல், சமையல், துணி மடித்தல் போன்ற அன்றாட வேலைகளுக்குள்ளேயே பேச்சையும் விளையாட்டையும் புகுத்தச் சொன்னதும் இந்த அமைப்பின் ஒரு பகுதி. குளிக்கும்போது உடலுறுப்புகளின் பெயர். துணி மடிக்கும்போது பெரியது, சிறியது. சமைக்கும்போது உள்ளே, வெளியே. அடியும் திட்டும் குறைந்து, செய்ததைப் பாராட்டும் வழக்கம் கூட வேண்டும் என்பதும் தொடர்ந்து பேசப்பட்டது. தாய்மார் குழந்தைகளிடம் அன்பில்லாதவர்களாக இருந்ததாக யாரும் சொல்லவில்லை. பேசத் தெரியாத குழந்தையோடு பேசுவதாலோ, ஒரு குப்பியை உருட்டி விளையாடுவதாலோ அறிவு வளரும் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் குறை.

குப்பையிலிருந்து பொம்மை

பைக்குள் இருந்த பொருள்கள் எவையும் கடையில் வாங்கியவை அல்ல. காலியான பிளாஸ்டிக் குப்பிக்குள் சிறு கற்களையோ மணிகளையோ போட்டு இறுக மூடினால் கிலுகிலுப்பை. வெவ்வேறு அளவுள்ள டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கினால் அடுக்கு விளையாட்டு. குப்பியின் வாய்வழியே துண்டுகளைப் போட்டு மீண்டும் கவிழ்த்து எடுப்பது, கைக்கும் கண்ணுக்கும் இணக்கம் தரும் பயிற்சி. குப்பி மூடிகளைச் சக்கரமாக்கி, பெட்டியைக் கயிற்றில் கட்டினால் இழுவை வண்டி. தச்சுப் பட்டறையில் மிஞ்சிய மரத்துண்டுகளைத் தேய்த்தால் கட்டைகள். பழைய துணியால் பொம்மை. அட்டையில் படம் ஒட்டி, முதலில் இரண்டாகவும், குழந்தை தேறத் தேற நான்காகவும் வெட்டினால் புதிர்ப்படம். அன்றாடக் காட்சிகளை வரைந்து தைத்த படப் புத்தகங்கள் கையாலேயே செய்யப்பட்டன.

சிறு மூடிகளும் மணிகளும் வாய்க்குள் போகும் ஆபத்து உடையவை என்பதை இங்கு ஒரு முறை நினைவூட்ட வேண்டும். இத்தகைய பொம்மைகளைச் செய்வோர் மூடியைப் பசையிட்டு ஒட்டுவதும், விளையாடும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் அருகிலிருப்பதும் தவிர்க்கக் கூடாதவை.

காசில்லாததால் வந்த சிக்கனமாக இது தோன்றினாலும், கடைப் பொம்மையைவிட இது மேலான தேர்வு என்பதற்குக் காரணங்கள் உண்டு. தாயும் அதே பொருளைத் தானே செய்துகொள்ளலாம். செய்துகொண்டால், திட்டம் முடிந்த பின்னும் பொம்மை முடிவதில்லை. உடைந்தால் திட்டு விழாது. கடையில் வாங்கியது என்றால் பத்திரமாக அலமாரியின் மேல்தட்டில் ஏறிவிடும் வழக்கம் எந்த நாட்டு வீட்டிலும் காணக்கூடியது. குழந்தை அதை அண்ணாந்து பார்க்கும். குப்பியை யாரும் மேல்தட்டில் வைப்பதில்லை.

பொம்மைகளை வாரந்தோறும் மாற்றியதற்கு அதற்கும் மேலான பொருள் உண்டு என்பது என் கணிப்பு. வீட்டில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பொருள்களே இருக்கும்; ஆகவே ஒவ்வொன்றிலும் குழந்தை ஆழ்ந்து விளையாடும். மீண்டும் சில வாரங்கள் கழித்து அதே பொருள் திரும்பி வரும்போது, குழந்தை அதைக் கொண்டு முன்பு செய்யாத ஒன்றைச் செய்யும். அந்த வேறுபாட்டைத் தாய் தன் கண்ணாலேயே பார்ப்பார். வளர்ச்சியைக் காட்டும் அளவுகோலாக, மதிப்பெண் பட்டியல் எதுவுமின்றி, ஒரு கிலுகிலுப்பையே போதுமானதாகிறது.

படிவரிசை

பாடத்திட்டம் என்ற சொல்லுக்கு இங்கு இடமுண்டு; ஆனால் எழுத்தும் எண்ணும் அதில் முதலில் வருவதில்லை. மிகச் சிறிய குழந்தைகளுக்கான பகுதி, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே விவரித்த வளர்ச்சிப் படிகளைப் பின்பற்றியது. துணிக்கு அடியில் மறைத்த பொருள் இன்னும் இருக்கிறது என்று அறிவது, ஒரு செயலால் ஒரு விளைவு வருகிறது என்று அறிவது, ஒன்றைப் பெறுவதற்கு இன்னொன்றைக் கருவியாகப் பயன்படுத்துவது போன்றவை அந்தப் படிகள். குழந்தை வளர வளர, பெரியது-சிறியது, மேலே-கீழே, நிறம், வடிவம், ஒன்று-பல, ஒன்றாக இருப்பவை-வேறாக இருப்பவை என்ற கருத்துகள் ஒவ்வொன்றாக விளையாட்டுக்குள் வந்தன.

இந்த வரிசை வயதைப் பொறுத்து அமைந்ததே தவிர, வயதுக்குக் கட்டுப்பட்டதன்று. இருபது மாதக் குழந்தை பதினான்கு மாதத்துக்குரிய விளையாட்டில் நின்றால், அங்கிருந்துதான் அடுத்த அடி. குழந்தை ஏற்கெனவே செய்யக்கூடியதைவிட ஒரு படி மட்டும் மேலே உள்ளதைக் கொடுக்க வேண்டும். இரண்டு படி மேலே கொடுத்தால் அழும், அதே படியிலேயே நிறுத்தினால் எழுந்து போய்விடும். வீட்டில் பாடம் சொல்லித்தரத் தொடங்கும் பெற்றோர் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். அச்சிட்ட மாதவாரிப் பட்டியலை வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, குழந்தையை அதனோடு ஓடவைக்கிறார்கள். கிங்ஸ்டன் திட்டத்தில் பட்டியல் வந்தவரின் கையில் இருந்தது. ஆனால் எந்த வரியில் நிற்பது என்பதைக் குழந்தைதான் சொல்லிற்று.

பாலும் விளையாட்டும்

129 குழந்தைகளும் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு, இன்னொன்றுக்கு விளையாட்டு வருகை, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு இரண்டும் இல்லை. பால்மாவைக் குழந்தைக்கு மட்டும் கொடுத்தால் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளோடு அது பங்கிடப்பட்டுவிடும் என்று அறிந்து, குடும்பத்துக்கென்று சோளமாவும் பால்பொடியும் தனியே கொடுத்தார்கள். விளையாட்டு வருகை பெறாதவர்களின் வீட்டுக்கும் ஒருவர் வாரந்தோறும் சென்று குழந்தைக்கு நோய் ஏதேனும் வந்ததா என்று குறித்துக்கொண்டார். ஆகவே, யாரோ ஒருவர் அக்கறையோடு வந்து போனாலே போதும், அதுவே வேலை செய்துவிடும் என்ற ஐயத்துக்கு இதில் இடமில்லை. எல்லா வீட்டுக்கும் ஆள் வந்தார். பையும் விளையாட்டும் பாதி வீடுகளுக்கு மட்டும்.

1991இல் 'லான்செட்' இதழில் வெளியான முதல் முடிவில் பாலும் நன்மை செய்தது, விளையாட்டும் நன்மை செய்தது. இரண்டும் பெற்றவர்கள் இரண்டு ஆண்டு முடிவில் அதே பகுதியில் இயல்பான உயரத்தோடு வளர்ந்த குழந்தைகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்தார்கள். அன்றைக்குத் திட்டத்தை எடைபோட்டவர், இரண்டையும் சமமாகவே பாராட்டியிருப்பார். ஆனால் பதினோரு பன்னிரண்டு வயதில் பார்த்தபோது, பாலின் நன்மை அறிவுத் திறன் சோதனைகளில் தென்படவில்லை. விளையாட்டின் நன்மை இருந்தது. பதினேழு பதினெட்டு வயதில் வாசிப்புத் திறனிலும் பள்ளியில் தொடர்வதிலும், மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருந்ததிலும் அது தெரிந்தது. இருபத்திரண்டு வயதில் வன்முறையில் ஈடுபடுவதும் குறைந்திருந்தது. வருமானம் 25 விழுக்காடு கூடியிருந்தது. இந்த வருமானக் கணக்கை 2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டவர்களுள் பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனும் ஒருவர்.

இந்த எண்களை ஏற்றுக்கொள்ளும்போதே இரண்டு தயக்கங்களையும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று குழந்தைகளே இருந்தார்கள். இவ்வளவு சிறிய குழுவில் சிலருடைய வாழ்க்கை திசைமாறினாலும் சராசரி நகர்ந்துவிடும். கிங்ஸ்டன் இளைஞர்களில் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்பவர்கள் உண்டு. வெளிநாட்டுச் சம்பளத்தை உள்நாட்டுச் சம்பளத்தோடு ஒப்பிடுவது எளிய காரியமன்று, ஆய்வாளர்களே இதற்காகத் தனியே கணக்கிட வேண்டியிருந்தது. ஆகவே 25, 37 என்ற எண்களைவிட, ஒவ்வொரு முறை பார்த்தபோதும் பலன் ஒரே திசையில் இருந்தது என்பதையே நான் வலுவான சான்றாகக் கொள்வேன்.

மற்ற நாடுகளுக்குப் போனபோது

கிங்ஸ்டனில் நடந்தது ஆய்வாளர்கள் நேரடியாகக் கண்காணித்த, சிறிய, கச்சிதமான முயற்சி. அதே திட்டம் பெரிய அளவில் எப்படி நடக்கும் என்பதற்குக் கொலம்பியா நல்ல சோதனையாக அமைந்தது. அங்கு 96 ஊர்களில், ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான 1,420 குழந்தைகளோடு, அரசின் நலத்திட்டத்தில் ஏற்கெனவே தாய்மார்களின் தலைவிகளாக இருந்த உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு பதினெட்டு மாதங்கள் நடத்தினார்கள். அறிவு வளர்ச்சியிலும் சொற்களைப் புரிந்துகொள்வதிலும் முன்னேற்றம் தெரிந்தது. கிங்ஸ்டன் அளவுக்கு இல்லை. அந்த முன்னேற்றம் எதனால் வந்தது என்று ஆராய்ந்தபோது, பெற்றோர் குழந்தைக்காகக் கூடுதல் பொருளும் நேரமும் செலவிட்டதே பெரும் காரணம் என்று கண்டார்கள். மாணவர் குழந்தை அல்லர், தாயே என்னும் இந்த ஆய்வின் கருத்துக்கு இது துணை நிற்கிறது.

ஆனால் அதே கொலம்பியா அந்தக் கருத்துக்கு இடையூறும் ஆகிறது. திட்டம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது அந்தப் பலன் கரைந்துவிட்டிருந்தது. தாய் உண்மையாகவே கற்றுக்கொண்டிருந்தால், வருபவர் நின்ற பின்னும் விளையாட்டு நின்றிருக்கக் கூடாது அல்லவா? பதினெட்டு மாதம் போதவில்லையா, பெரிய அளவில் நடத்தியபோது மேற்பார்வை தளர்ந்ததா, அல்லது குழந்தைகளின் நிலைமை கிங்ஸ்டனைப்போல் அவ்வளவு மோசமாக இல்லாததால் பெறக்கூடியதே குறைவாக இருந்ததா என்பதை உறுதியாகப் பிரித்துச் சொல்ல இயலவில்லை. மூன்றும் சேர்ந்திருக்கலாம். பெருவில் 2012இல் தொடங்கிய தேசியத் திட்டத்திலும் பலன் உண்டு, ஆனால் சிறிது. ஆள் எண்ணிக்கை பெருகப் பெருக, ஒதுங்கி நின்று தாயைச் செய்யவிடும் அந்தக் கடினமான திறமைதான் முதலில் நீர்த்துப்போகும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

இந்தியாவில் இத்திட்டம் வந்த இடம் ஒடிசா. கட்டாக் நகரின் குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகளோடு 'பிரதம்' தொண்டு நிறுவனத்தின் வழியாகப் பதினெட்டு மாதங்கள் நடந்தது; குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. பின்னர் ஒடிசாவின் கிராமங்களில், வீடு வீடாகச் செல்வதையும் தாய்மார்களைக் குழுவாகக் கூட்டுவதையும் ஒப்பிட்டார்கள். குழுமுறை செலவு குறைந்தது. பலனில் வீட்டு வருகைக்குப் பின்தங்கவும் இல்லை. இது பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். ஆனால் நம் தாய்மார் ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் செய்வதும், 'என் பிள்ளை இதைச் செய்கிறான்' என்று மற்றவரிடம் சொல்லிக்கொள்வதும் புதிதன்று. கிங்ஸ்டனில் வந்துபோன பெண் செய்த வேலையில் ஒரு பகுதியை இங்கே பக்கத்து வீட்டுத் தாய் செய்துவிடுகிறார். பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்காக இந்திய அரசு 2024இல் வெளியிட்ட 'நவசேதனா' வழிகாட்டியும் அங்கன்வாடி ஊழியர் வீட்டுக்குச் சென்று பெற்றோருக்கு விளையாட்டு முறைகளைக் காட்டுவதை முன்வைக்கிறது. ஊட்டச்சத்து, எடை, தடுப்பூசி, பதிவேடு என்று ஏற்கெனவே நிறைந்திருக்கும் அவருடைய வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும் என்பது நடைமுறையில்தான் தெரியும்.

வருபவர் இல்லாத வீட்டில்

இந்த நிகழ்வைப் படிக்கும் பெற்றோர் பலரது வீட்டுக்கு யாரும் பையோடு வரப்போவதில்லை. திட்டத்தை அமைப்பவரும் நடத்துபவரும் அவர்களே. அவர்களுக்குக் கிங்ஸ்டனிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது பொம்மைப் பட்டியல் மட்டும் என்றால் ஏமாற்றமே மிஞ்சும். பொருள்களைக் குறைத்து, இரண்டு மூன்றை மட்டும் வெளியே வைத்து, வாரம் ஒருமுறை மாற்றுவது எளிது. குழந்தை நிற்கும் படியைப் பார்த்து அடுத்த படியைத் தேர்வதும், ஒரு நோட்டில் நாள்தோறும் ஒரு வரி எழுதிவந்தால், சில வாரங்களில் கைவரும். எழுத்தையும் எண்ணையும் கொஞ்சம் தள்ளிவைத்து, சமையலறையிலும் குளியலறையிலும் பேசிக்கொண்டே இருப்பதற்கும் யாருடைய துணையும் வேண்டியதில்லை.

வேண்டியிருப்பது, ஏழாம் நாளில் 'எப்படிப் போயிற்று?' என்று கேட்கும் அந்த ஆள். வீட்டில் திட்டம் தொடங்கும் பலர் மூன்றாம் நான்காம் வாரத்தில் கைவிடுவதற்கு இந்த வெற்றிடமே காரணம் என்று நினைக்கிறேன். கணவரோ மாமியாரோ பாட்டியோ அந்த இடத்தை நிரப்பலாம். ஆனால் அவர்கள் விசாரிப்பவராக இருக்க வேண்டும், குறை சொல்பவராக அன்று. அதே வயதுப் பிள்ளையுள்ள இன்னொரு வீடு கிடைத்தால் அது இன்னும் நல்லது. இரு தாய்மார் வாரம் ஒரு மாலை சந்தித்து, அந்த வாரத்துப் பொம்மைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, ஒருவர் விளையாடுவதை மற்றவர் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், கிங்ஸ்டன் பையின் பாதி வேலை நடந்துவிடும். ஒடிசா கிராமங்களின் முடிவைப் பார்த்தால் பாதிக்கும் மேலாகவே நடக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் பார்ப்பவர் செய்ய வேண்டியது, பொம்மை எதுவாயினும், அது குழந்தையின் கையிலும் தாயின் கையிலும் எவ்வளவு நேரம் இருந்தது, தாய் எத்தனை முறை பேசினார், எத்தனை முறை காத்திருந்தார் என்பதைக் கவனித்துச் சொல்வது மட்டுமே.